வகுத்தற் பாடத்தில் ஒரு குறை

நாள்தோறும் பலகையில் எழுதும் சொற்களைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘ஈவு’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. வகுத்து வந்த விடைக்கு அது பெயர். ஈதல், ஈகை, ஈவு ஆகிய மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதை இலக்கண வகுப்பில் மறவாமற் சொல்லும் நாம், கணக்கு வகுப்பில் அதனைச் சொல்வதில்லை. ‘வகுத்தல்’ என்னும் சொல்லும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பகுத்தல், பங்கிட்டு அளித்தல் என்பவை அதன் பொருள்கள். ஆகவே ‘வகுத்தால் ஈவு எவ்வளவு?’ என்று கேட்கும்போது, ‘பங்கிட்டால் ஒருவனுக்குக் கொடுத்தது எவ்வளவு?’ என்றே நாம் கேட்கிறோம்.

காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்லுதற்கு ஒரு வழி கூறப்பட்டிருக்கிறது. காம்பையடுத்த சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அது. பலா அவ்விதிக்குக் கட்டுப்படுகிறதா என்னும் வழக்கை ஈண்டு எடுக்க வேண்டுவதில்லை. நான் இருமுறை சோதித்து இருமுறையும் தோற்றேன். நாம் கருதவேண்டுவது, அச்செய்யுள் வகுத்தலை ஐந்துக்கு ‘ஈதல்’ என்றே சொல்கிறது என்பதைத்தான். பழந்தமிழ்க் கணக்கர் மனத்திலும் வகுத்தல் என்பது கொடுத்தலாகவே நின்றது.

அழகிய சொல்தான். ஆனால் அது வகுத்தலின் ஒரு பாதியைத்தான் காட்டுகிறது. மறுபாதியைக் காணவேண்டுமாயின் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளுக்குப் போகலாம். தொடுத்த மல்லிகைச் சரம் வாழையிலையின்மேல் சுருண்டு கிடக்கிறது. கடைக்கார அம்மையார் முழங்கை தொட்டு விரல்நுனி வரை ஒரு முழம் அளக்கிறார்; அளந்ததை ஒதுக்குகிறார்; மிஞ்சியதிலிருந்து மறுபடி ஒரு முழம். சரம் தீரும்வரை எத்தனை முறை அளந்தார் என்பதே கணக்கு. அங்கே பங்கு கேட்டு எவரும் நிற்கவில்லை, கொடுத்தலும் இல்லை. எடுத்தல், மறுபடி எடுத்தல், எண்ணுதல், இவ்வளவே உண்டு. இதுவும் வகுத்தல்தான். பள்ளிப் பாடத்தில் இதற்குத் ‘தொடர்ந்து கழித்தல்’ என்று பெயர்.

பன்னிரண்டு ரம்புத்தான் பழங்களை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை என்பது ஒரு வினா. பன்னிரண்டு பழங்களை ஆளுக்கு மூன்றாகக் கொடுத்தால் எத்தனை பிள்ளைகளுக்குக் காணும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தாளில் எழுதுவது 12 ÷ 3 = 4 என்பதே. ஆயினும் குழந்தையின் கை இரண்டிலும் ஒரேவிதமாக இயங்குவதில்லை. முதல் வினாவில் கை சுற்றி வருகிறது: இவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டாவதில் கை ஓரிடத்திலேயே நின்று மும்மூன்றாக அள்ளுகிறது. எண் ஒன்றாயினும் செயல் வேறு. இவ்வேறுபாட்டை ஆசிரியன் அறிந்திராவிட்டால், குழந்தை எங்கே இடறி விழுந்தது என்பதை அவனால் கண்டுகொள்ள இயலாது.

நம் தொடக்கப்பள்ளிக் கணிதப் பாடத்திட்டம் இதனை அறியாமல் இல்லை. வகுத்தல் வருவதற்கு முன்னோடியாகத் தொடர்ந்து கழித்தலைக் கீழ் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. வைத்திருக்கும் விதத்திலும், அதனைவிட நாம் நடத்தும் விதத்திலுமே குறை இருக்கிறது.

வழக்கமாக நடப்பது இது. பதினைந்து வட்டங்கள்; ஐந்தைந்தாக அடித்துவிடுதல்; அதன் கீழே 15 − 5 − 5 − 5 = 0 என்று ஒரு வரி; அதன் கீழே 15 ÷ 5 = 3 என்று மற்றொரு வரி. பிள்ளைகள் அழகாகப் பார்த்தெழுதுவார்கள். பிறகு பயிற்சித் தாளில் ‘15 ÷ 5 = 0’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நாம் கடிந்துகொள்வோம். உண்மையில் அப்பிள்ளை செய்த பிழை என்ன? முதல் வரியில் சமக்குறிக்குப் பின்னால் நிற்பது சுழியம். சமக்குறிக்குப் பின்னால் நிற்பதே விடை என்று நாமே இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவ்வரியில் மூன்று என்னும் எண் எங்குமே எழுதப்படவில்லை! எத்தனை ஐந்துகள் எடுக்கப்பட்டன என்று எண்ணினால்தான் மூன்று கிடைக்கும். எண்ணும் செயலை எழுதுவதற்கு அவ்வரியில் இடமே இல்லை. குழந்தை வரியைப் படித்தது. நாம் வரிக்கு வெளியே இருப்பதை எதிர்பார்த்தோம்.

இது சிறு குறையென்று தோன்றலாம். ஆனால் எடுத்த தடவைகளை எண்ணுதல் என்பதே இம்முறையின் உயிர். மல்லிகைச் சரம் தீர்ந்துபோயிற்று என்பதைச் சொல்லக் கடைக்காரர் தேவையில்லை. எத்தனை முழம் என்று சொல்லத்தான் அவர் தேவை. பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு முறை கழிக்கும்போதும் அங்கே ஒரு குறி இடச் செய்தால் போதும். குறிகளின் தொகை ஈவாகிவிடும். எங்கள் ஊரில் நெல் அளந்தவர்கள், முதல் மரக்காலை ஒன்று என்னாமல் ‘லாபம்’ என்றே தொடங்கி எண்ணுவார்கள் என்று என் பாட்டனார் சொல்வார். அளக்கும் கையும் எண்ணும் வாயும் பிரியாமல் ஓடிய முறை அது. நாம் கையை வைத்துக்கொண்டு வாயை விட்டுவிட்டோம்.

அடுத்த குறை இதனினும் பெரிது. அதனைச் சொல்லுமுன் என் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணியில் முதற்பாதியில், தொடர்ந்து கழித்தலை ஒரு வாரத்துச் சடங்காகவே நான் நடத்தினேன். படம், வட்டம், ஒரு வரி. பிறகு அதனைக் கைவிட்டு நீள்வகுத்தலுக்குப் போய்விடுவேன். ‘வகு, பெருக்கு, கழி, இறக்கு’ என்று நான்கு சொற்களை மந்திரம்போல் ஓதச் செய்வேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கிடைத்ததும் அதுவே. ஒரு நாள் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் 618ஐ 6ஆல் வகுத்து 13 என்று எழுதிக்கொண்டு வந்தான். நான்கு சொற்களும் அவனுக்கு மனப்பாடம். ஆறில் ஆறு ஒருமுறை; ஒன்றை இறக்கினான்; ஒன்றில் ஆறு போகாது; எட்டை இறக்கினான்; பதினெட்டில் ஆறு மூன்று முறை. ஒன்றும் மூன்றும் பதின்மூன்று. மேலே சுழியம் போட மறந்தான் என்று சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். மறுநாள் 824ஐ 8ஆல் வகுத்து, அதற்கும் 13 என்று எழுதினான்.

அவனுடைய தந்தையார் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். “ஆறு ஆறு குலையாக 618 குலைகளை அடுக்கினால் பதின்மூன்று அடுக்குத்தான் வருமா?” என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். “சார், அது ரொம்ப வரும் சார்” என்றான். அதாவது அவனுக்கு வகுத்தல் தெரிந்திருந்தது; நான் கற்பித்த வகுத்தல்தான் தெரியவில்லை. குலைகளை அடுக்குவதற்கும் பலகையில் எழுதும் நான்கு சொற்களுக்கும் இடையே அவன் கடந்து செல்லப் பாலம் ஒன்றும் நான் போட்டிருக்கவில்லை.

அப்பாலம் யாது? ஆறு ஆறாகக் கழித்துப் போனால் 618 தீர்வதற்கு நூற்று மூன்று முறை கழிக்க வேண்டும். எந்தக் குழந்தையும் அதனைச் செய்யாது, செய்யவும் கூடாது. எனவே ‘சிறிய எண்ணுக்குக் கழித்தல், பெரிய எண்ணுக்கு நீள்வகுத்தல்’ என்று நாம் இரண்டையும் வெவ்வேறு ஊராக்கி விடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் கழிக்க வேண்டும் என்று யார் விதித்தது? நூறு ஆறுகளை ஒரே முறையில் எடுக்கலாம்: 600 போயிற்று, 18 நிற்கிறது. அதில் மூன்று ஆறுகள். நூறும் மூன்றும் நூற்று மூன்று. சுழியத்தை மறப்பதற்கு இங்கே இடமே இல்லை. 952ஐ 7ஆல் வகுக்க வேண்டுமா? நூறு ஏழுகள் 700; மிச்சம் 252. அதிலிருந்து பத்து ஏழுகளாக மூன்று முறை எடுக்கலாம்: 182, 112, 42. ஆறு ஏழுகள் நாற்பத்திரண்டு. எடுத்தவற்றைக் கூட்டினால் 136. கூர்மையான பிள்ளை முப்பது ஏழுகளை ஒரே எடுப்பில் எடுத்து 210ஐக் கழித்துவிடும். மெதுவான பிள்ளை மூன்று வரி எழுதும். இருவரும் ஒரே வழியில்தான் நடக்கிறார்கள். ஒருவர் எட்டி வைக்கிறார், மற்றவர் அடிமேல் அடி வைக்கிறார். கட்டுக்கட்டாகக் கழித்தல் என்று இதனைச் சொல்லலாம்.

நீள்வகுத்தல் என்பது இதன் சுருக்கெழுத்தே அன்றி வேறன்று. இதனை நான் நூலிற் படித்துத் தெளிவதற்கு முன் பொறியிற் கண்டவன். சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ஆபீசில் கிராணியாரின் மேசைமேல் கைப்பிடி சுழற்றும் கணக்குப்பொறி ஒன்று இருந்தது. ஒட்னர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த வகையைச் சேர்ந்தது அது என்பது பின்னாளில் தெரிந்தது. சம்பளப் பட்டியல் போடும் நாட்களில் அதன் ஒலி லயத்து வாசல்வரை கேட்கும். அப்பொறிக்கு வகுக்கத் தெரியாது. கழிக்க மட்டுமே தெரியும். 618ஐ அதில் ஏற்றி, ஆறினை நூறாமிடத்துக்கு நேராக வைத்துக் கைப்பிடியைப் பின்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றினால் அறுநூறு கழியும். சுற்றினை எண்ணும் சாளரத்தில் நூறாமிடத்தில் 1 தோன்றும். மறுபடி சுற்றினால் அளவுக்கு மிஞ்சிக் கழித்துவிட்டதாக மணி அடிக்கும். உடனே ஒரு சுற்று முன்னோக்கிச் சுற்றி அதனைத் திருத்திவிட்டு, வண்டியை ஓரிடம் நகர்த்த வேண்டும். பத்தாமிடத்தில் முதற்சுற்றிலேயே மணி அடிக்கும். பதினெட்டில் அறுபது ஏது? திருத்தியதும் அங்கே சுழியம் நிற்கும். இன்னும் ஓரிடம் நகர்த்தினால் மூன்று சுற்று. சாளரத்தில் 103. என் மாணாக்கன் மறந்த சுழியத்தை அந்த இரும்புப் பொறி மறக்கவில்லை. ஏனெனில், ‘இங்கே ஒருமுறைகூட எடுக்க இயலாது’ என்பதை அது சோதித்து அறிந்தே அடுத்த இடத்துக்குச் சென்றது. நான் கற்பித்த ‘இறக்கு’ என்னும் சொல்லில் அச்சோதனை இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. ‘வாய்பாடு ஒழுங்காகத் தெரிந்தால் இத்தனை சுற்றுவழி எதற்கு?’ என்று முதிய ஆசிரியர்கள் கேட்பார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் எண்சுவடியையும் சான்று காட்டுவார்கள். அச்சான்றினை நான் தள்ளிவிடவில்லை. திண்ணைப் பள்ளிகளின் கணக்குப் பயிற்சியைப் பற்றிச் செந்தில் பாபு 2022இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், அங்கே மனப்பாடம் என்பது பொருளறியா ஓதல் அன்று என்பதை நன்கு எடுத்துக் காட்டுகிறது. அளவைகளோடும் ஊரார் தொழிலோடும் பிணைந்த நினைவுப்பயிற்சி அது. மாலையில் வாய்பாடு ஒப்பித்த பையன் மறுநாள் களத்தில் நெல்லளப்பதைக் கண்டான். நாம் ஓதலை மட்டும் கொண்டுவந்து களத்தை விட்டுவிட்டு, முன்னோர் முறை என்று பெயர் வைத்தால் அது முன்னோர்க்குச் செய்யும் நீதியன்று. மேலும், கட்டுக்கட்டாகக் கழிப்பதற்கும் வாய்பாடு வேண்டும். ஆறேழு நாற்பத்திரண்டு என்று வாயில் வராத பிள்ளைக்கு எந்த முறையும் கைகொடாது. வாய்பாட்டிற்கு எதிராக நான் எழுதவில்லை. வாய்பாட்டை எதற்குப் பயன்படுத்துவது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்கிறேன்.

பிற நாட்டார் இதில் பட்ட பாட்டையும் பார்த்துவிடுவது நல்லது. 1956இல் அமெரிக்காவின் ஐயோவாவில் வான் எங்கன், கிப் என்னும் இருவர், வழக்கமான முறையிற் கற்ற பிள்ளைகளையும் கழித்தல் முறையிற் கற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஆய்ந்தார்கள். கழித்தல் வழி வந்தோர் வகுத்தலின் பொருளை நன்கு உணர்ந்திருந்தனர்; பழகாத புதுக்கணக்குக்கும் அதனைக் கொண்டு சென்றனர்; சிறப்பாக, மெலிந்த பிள்ளைகளுக்கு அது உதவிற்று. ஆனால் பழகிய வகைக் கணக்குகளில் வழக்கமான முறையினர் பின்தங்கிவிடவில்லை. இரு பக்கமும் வெற்றி கொண்டாட முடியாத முடிவு. ஆகவே நம்பத்தக்க முடிவு என்பேன்.

ஹாலந்து நாட்டார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். ஹான்ஸ் பிராய்டந்தால் என்னும் கணித அறிஞரின் கருத்தைத் தழுவி, நீள்வகுத்தலை விட்டுக் கட்டுக்கட்டாகக் கழிப்பதையே பள்ளிகளிற் பரப்பினர். விளைவு? 1997, 2004 ஆகிய ஆண்டுகளின் நாடளாவிய மதிப்பீடுகளை ஒப்பிட்டபோது வகுத்தற் கணக்குகளில் சரிவு காணப்பட்டது. லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிக்கன்டோர்ஃப் முதலியோர் விடைத்தாள்களையே பிரித்துப் பார்த்து 2009இல் வெளியிட்ட செய்தி கருதத்தக்கது. பிள்ளைகள் பழைய முறையை விட்டது உண்மை. ஆனால் அவ்விடத்துக்குப் புதுமுறை வரவில்லை. பலர் தாளில் ஒன்றும் எழுதாமல் மனத்திலேயே போட்டு விடை எழுதினர். அவ்வாறு எழுதியோரே மிகுதியாகப் பிழைத்தனர். இங்கிலாந்திலும் இதே முறை 1999க்குப் பின் பரவி, பிறகு ஆட்சியாளரின் வெறுப்புக்கு ஆளாயிற்று. 2014இன் பாடத்திட்டம் நீள்வகுத்தலை வலியுறுத்தியது. 2016 முதல், விடை தவறினாலும் வழிக்கு வழங்கும் மதிப்பெண், நீள்வகுத்தல் போன்ற வரையறுத்த முறையில் எழுதியோர்க்கே என்றாயிற்று.

ஊசல் இவ்விதம் இங்குமங்கும் ஆடியதிலிருந்து நான் கொள்வது ஒன்றே. கட்டுக்கட்டாகக் கழித்தல் தங்குமிடமாகிவிடக் கூடாது. வரிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே எடுப்பு என்னும் நிலையை அடைந்ததும், அதுவே நீள்வகுத்தல் என்று பிள்ளைக்குக் காட்டிவிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ‘இதில் 700 என்று எழுதியதை அதில் 7 என்று எழுதுகிறோம், இடம்தான் அதன் மதிப்பைக் காக்கிறது’ என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதச் செய்ய வேண்டும். மனக்கணக்கின் பெருமையைப் பேசும் நம்மவர் ஹாலந்துச் செய்தியை ஒருமுறை நினைக்கட்டும்.

சொற்களைப் பற்றித் தொடங்கினேன்; அதனை இன்னும் முடிக்கவில்லை. 2003 முதல் சில ஆண்டுகள் இந்நாட்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. 2009இல் அத்திட்டத்தைக் கைவிட அரசு முடிவு செய்தது. அக்காலத்திற் படித்த பிள்ளைகள் சிலர் இன்று ஆசிரியராகி நம் பள்ளிகளுக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் நாவில் ‘ஈவு’ என்னும் சொல் தயங்கித்தான் வருகிறது. அதனை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு அதனைச் சொல்லிக் கொடுத்தவர் எவர்? எனினும் மொழி மாறியதால் இக்குறை வரவில்லை. மலாயில் ‘பஹாகி’ என்பதும் பங்கிடுதலே. நம் ‘பாகம்’ அதன் உறவினன். ஆங்கிலச் சொல்லும் பிரித்தலையே உணர்த்துகிறது. மூன்று மொழியும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, நாம் எழுதும் கதைக்கணக்குகளும் அப்பக்கமே சாய்கின்றன. என் பள்ளியில் ஓராண்டு வினாத்தாள்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மிட்டாய் பங்கிடாத வகுத்தற் கணக்கைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை நான் எழுதியவையே!

பிஷ்பைன் முதலியோர் 1985இல் இத்தாலியின் பீசா நகரத்து மாணாக்கரை ஆய்ந்து, பங்கிடுதலே குழந்தை மனத்தில் முதலில் வேரூன்றும் வகுத்தல் என்றும், அளந்தெடுக்கும் வகுத்தல் கற்பித்தலால் பின்னர் வந்து சேர்வது என்றும் கருதினர். அஃது உண்மையாயின், தானே வருவதற்கு நாம் நாள்முழுதும் பாடம் எடுக்கிறோம். கற்பித்தால்தான் வரும் என்பதற்கு ஒரு வாரம் ஒதுக்குகிறோம்.

இதனால் வரும் இழப்பு மேல் வகுப்பில் பின்னம் வரும்போது வெளிப்படும். ஆறினை அரையால் வகு என்றால் அரை மனிதனுக்கு எப்படிப் பங்கிடுவது? பங்கீட்டையே அறிந்த பிள்ளை அங்கே திகைத்து நின்றுவிடுகிறது. நாம் உடனே, ‘தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு’ என்று மற்றொரு மந்திரத்தை ஓதிவிடுகிறோம். ஆறு லிட்டர் பாலை அரை லிட்டர் புட்டியில் ஊற்று என்று சொன்னால் போதும். பன்னிரண்டு புட்டி என்று நான்காம் ஆண்டுப் பிள்ளையே சொல்லும். அரையரையாகக் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்சுவடி படித்த பையனுக்கு இது ஒரு தடையாக இருந்திராது. மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று என்று அவன் பின்னங்களைப் பெயரிட்டு அழைத்தான். ஒரு காணியில் எத்தனை முந்திரி என்றால் நான்கு என்று சொல்ல அவன் எதையும் தலைகீழாக்க வேண்டியதில்லை. நாழியில் எத்தனை உழக்கு என்று கேட்பது போன்றதே அது. ‘ஈவு’ என்று கொடுத்தலைப் பேசிய அதே மரபு, பின்னத்தில் அளத்தலை எவ்வளவு இயல்பாகக் கையாண்டது என்பதை நம் பாடநூல்கள் ஒரு பக்கமாவது காட்டலாம்.

மீதியைப் பற்றியும் ஒரு சொல். நூறு பிள்ளைகளைப் பத்துமலைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்ல நாற்பது பேர் அமரும் பேருந்து எத்தனை வேண்டும் என்று கேட்டால், ‘2, மீதி 20’ என்று எழுதி முழு மதிப்பெண்ணை எதிர்பார்க்கிறார்கள். நாற்பது பேரைக் கழித்து அறுபது, மறுபடி நாற்பதைக் கழித்து இருபது என்று எழுதும் பிள்ளை, பள்ளி வாசலில் இருபது பேர் இன்னும் நிற்பதைக் காண்கிறது. அவர்களை விட்டுவிட்டுப் போக மனம் வராது. இருபத்தைந்து வெள்ளியில் ஆறு வெள்ளி நூல்கள் எத்தனை வாங்கலாம் என்னும் கணக்கிலோ மிஞ்சிய ஒரு வெள்ளி பையிலேயே தங்கிவிடும். மீதி என்ன செய்யும் என்பதை எண் சொல்லாது, கதைதான் சொல்லும். நீள்வகுத்தலின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும் எண்ணுக்கு அக்கதையை நினைவூட்டும் ஆற்றல் குறைவு.

ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. வகுப்பறை மதிப்பீடும் ஆறு அடைவுநிலைகளும் உள்ளன. தேர்வுக்காக விரைந்தோடினோம் என்னும் சாக்கு இனி நமக்கு இல்லை. அடைவுநிலைக் கட்டத்தில் ‘தொடர்ந்து கழித்தலைச் செய்தான்’ என்று குறியிட்டுக் கடந்து செல்லாமல், அக்குழந்தை எடுத்த தடவைகளை எண்ணிற்றா, கட்டாக எடுக்கத் துணிந்ததா என்று பார்க்க இப்போது நேரம் உண்டு. கிள்ளான் வட்டாரத்தில் ஒரே ஆண்டுக்குப் பல வகுப்புகள் நடத்தும் பெரிய பள்ளிகளில் இஃது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். எங்களைப் போன்ற தோட்டப் பள்ளிகளில் ஒரு வகுப்பில் எட்டோ பத்தோ பிள்ளைகள். தோட்டம் என்பது பெயரளவில்தான். பெரும்பாலோர் வீடமைப்புப் பகுதிகளிலிருந்து வேனில் வருகிறவர்கள். எண்ணிக்கை குறைவதைப் பற்றிக் கூட்டந்தோறும் கவலைப்படுகிறோம். அக்குறைவு கணக்கு ஆசிரியனுக்குக் கொடுத்திருக்கும் வாய்ப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

சென்ற பருவத்தில் மூன்றாம் ஆண்டுக்கு நானே இப்பாடத்தை எடுத்தேன். தலைமையாசிரியன் வகுப்பெடுத்தால் கோப்புகள் தேங்கும். தேங்கட்டும் என்று விட்டேன். கட்டுக்கட்டாகக் கழித்து முடித்து நீள்வகுத்தலுக்கு வந்து சேர நான்கு வாரம் பிடித்தது. இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டிய பாடம் அது. பிள்ளைகளில் இருவர் இன்னும் பத்துப் பத்தாகவே எடுக்கிறார்கள். ஆனால் விடை சரியாக வருகிறது. ஒரு சிறுமி, “சார், சுழியத்தால் வகுத்தால் என்ன வரும்?” என்று கேட்டாள். ‘வகுக்கக் கூடாது’ என்று முன்பெல்லாம் சொல்லியிருப்பேன். “கழித்துப் பாரம்மா” என்றேன். பன்னிரண்டிலிருந்து சுழியத்தைக் கழித்தாள், பன்னிரண்டு. மறுபடி கழித்தாள், பன்னிரண்டு. பக்கத்துக் கோட்டுக்கு அப்பால் குறிகளையும் தவறாமல் இட்டுக்கொண்டே வந்தாள். அரைப்பக்கம் நிரம்பியதும் நிமிர்ந்து பார்த்து, “இது தீரவே தீராது சார்” என்றாள்.